அரபுக் கிழமை காட்டும் ஜப்பான் மணிக்கூடு: திருகோணமலையில் ஒரு சீக்கோ 5 – நிகழ்வு ஆய்வு

மேசைக்கு வந்தது ஒரு சீக்கோ 5. எஃகுக் கேஸ், கருநீல டயல், மூன்று மணிப் பக்கம் கிழமையும் திகதியும் ஒரே யன்னலுக்குள், நான்கு மணிப் பக்கம் விரலுக்குச் சரியாகப் பிடிபடாத சின்னச் சாவி, அதாவது நேரம் வைக்கத் திருப்பும் குமிழ். முதுகு மூடியில் 7009-876ஏ என்ற இலக்கம். அதோடு 4என் என்று தொடங்கும் ஒரு தொடர். கிழமைத் தட்டு ஒரு நாளை ஆங்கிலத்திலும் அரபிலும் காட்டும்.

முறைப்பாடு மூன்று. கையில் கட்டியிருக்கும்வரை ஓடுகிறது, இரவில் கழற்றி வைத்தால் விடியுமுன் நின்றுவிடுகிறது. திகதி மாறுகிறது, கிழமை மாறுவதில்லை. மாரியில் கண்ணாடியின் உட்பக்கம் பனி பிடிக்கிறது.

கடற்காற்றையும் கட்டுகிறவரின் பழக்கத்தையும் காரணமாகச் சொல்லிவிட்டுத் திருத்தத் தொடங்கலாம். அது பாதிதான். இந்த மணிக்கூடு ஏன் இப்படிப் பழுதாகிறது, ஏன் 40 வருடத்துக்குப் பிறகும் திருத்தக் கூடியதாக இருக்கிறது என்ற இரண்டுக்கும் விடை 1963இல் ஜப்பானில் எடுத்த ஒரு வணிக முடிவில் இருக்கிறது: வாங்குகிறவர் ஒருபோதும் சாவியைத் தொடத் தேவையில்லாத, கையசைவில் தானே முறுக்கேறும் ஆட்டோமெற்றிக்கை, சாதாரண சம்பளக்காரர் வாங்கும் விலையில் விற்பது. சாவியைத் தொடத் தேவையில்லாத மணிக்கூட்டை ஒருவரும் திறந்தும் பார்ப்பதில்லை. இந்த மூடியின் உட்பக்கத்தில் திருத்துநர் எவரும் கீறி வைத்த குறியோ திகதியோ ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலையில் மூடியபின் திறந்ததற்கு அடையாளமே இல்லை.

முதுகில் எழுதியிருப்பது

சீக்கோவின் முதுகை வாசிக்கத் தெரிந்தால் திறக்காமலே நிறைய அறியலாம். கோட்டுக்கு முன்னுள்ள நான்கு இலக்கம் உள்ளே ஓடும் மெஷினைக் குறிக்கும், பின்னுள்ளது கேஸை. தொடரின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: ஜனவரி முதல் செப்டெம்பர் வரை 1 முதல் 9, ஒக்டோபருக்கு 0, நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. ஆகவே 4என் என்பது நான்கில் முடியும் ஓர் ஆண்டின் நவம்பர்.

எந்தப் பத்தாண்டு என்பதைத் தொடர் சொல்லாது. 7009 மெஷின் 1970களின் பிற்பகுதியில் வந்தது. 1996இல் 7எஸ்26 அதன் இடத்தைப் பிடித்தது. அதனால் 1984, 1994 இரண்டுக்கும் இடமுண்டு. இந்த மணிக்கூடோ 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபின் அங்கிருந்து திரும்பியவரின் கையோடு ஊருக்கு வந்தது. அப்படியென்றால் 1984 நவம்பர். இதனால்தான் மணிக்கூட்டைக் கொண்டு வருகிறவரிடம் யார் வாங்கியது, எப்போது வந்தது என்று முதலில் கேட்டு எழுதி வைக்க வேண்டும். அந்தச் செய்தி பிறகு எங்கும் கிடைக்காது.

வாசகத்தையும் பார்க்க வேண்டும். 1960களின் சீக்கோ மூடிகளில் நீர் உட்புகாது என்ற பொருளில் 'வோட்டர்புறூஃப்' என்று இருக்கும். 1970ஐ ஒட்டி அது 'வோட்டர் றெசிஸ்ற்' ஆனது. பிந்திய மெஷின் உள்ளே இருக்க மூடியில் முந்திய வாசகம் இருந்தால், மூடி வேறு மணிக்கூட்டுக்குரியது.

கடை, தொழிற்சாலை, இரண்டு சகோதரக் கம்பனிகள்

கிந்தாரோ ஹத்தோரி 1881இல், 21 வயதில், டோக்கியோவில் கடை திறந்தார். அப்போது யொக்கோஹாமாவில் இருந்த வெளிநாட்டு வணிகர்களிடம் சரக்கெடுத்து விற்பதுதான் தொழில். சொன்ன நாளில் தவறாமல் பணம் கட்டியதால் புதுச் சரக்கு அவருக்கு வந்தது. 1892இல் செய்கோஷா என்ற தொழிற்சாலையைத் தொடங்கிச் சுவர் மணிக்கூடு செய்தார். 1895இல் பொக்கற் மணிக்கூடு. 1913இல் ஜப்பானின் முதல் கைமணிக்கூடான லோரல். 1923 செப்டெம்பர் 1 நிலநடுக்கத்தில் தொழிற்சாலை எரிந்தது. திருத்தத்துக்கென்று வாடிக்கையாளர் கொடுத்திருந்த சுமார் 1,500 மணிக்கூடுகளும் அதோடு போயின. ஹத்தோரி அவர்களுக்குப் பதில் மணிக்கூடு காசில்லாமல் கொடுத்தார். டயலில் 'சீக்கோ' என்ற பெயர் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1924இல்.

1937இல் கைமணிக்கூட்டுப் பகுதி பிரிந்து டைனி செய்கோஷா ஆனது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அடுத்த மாதம் ஜப்பானின் மலைநாட்டில், சுவா என்ற ஊரில், மணிக்கூட்டு உதிரிப்பாகம் செய்ய ஒரு சிறு நிறுவனம் பதிவானது. 1959இல் அது சுவா செய்கோஷாவாகி, பிற்காலத்தில் எப்சன் என்ற பெயரை எடுத்தது. அந்தப் போரில் குண்டு வாங்கிய எங்கள் ஊரில் இந்த இரண்டு தொழிற்சாலைகளின் மணிக்கூடுகளும் இப்போது வீட்டுக்கு வீடு கிடக்கின்றன.

ஒரே குடும்பப் பெயரில் இரண்டு தொழிற்சாலைகளைப் போட்டிக்கு விட்டது சீக்கோவின் கெட்டித்தனம். இரண்டும் தனித்தனியே மெஷின் வரைந்தன. ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. 61 வரிசை, 6309 மெஷின்கள் எல்லாம் சுவா. எங்கள் 7009 டைனி. அக்கால டயல்கள் பலவற்றில் ஆறு மணிக்கு மேலே ஒரு சின்னக் குறி இருக்கும். சுவாவுக்குச் சுழி, டைனிக்கு மின்னல் வெட்டு போன்ற ஒன்று. டயல் ஒரு தொழிற்சாலையின் குறியோடும் மெஷின் மற்றதினுடையதாகவும் இருந்தால், அது இரண்டு மணிக்கூட்டைச் சேர்த்துச் செய்தது.

1959இல் சுவா, 'மாஜிக் லீவர்' என்ற பாகத்தை அறிமுகப்படுத்தியது. கையசைவில் சுழலும் எடையான ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும், மணிக்கூட்டை ஓட்டும் ஸ்பிரிங்கை ஒரே பக்கம் முறுக்கும் இரட்டை நகம் கொண்ட ஒரு தகடு அது. சுவிஸ் ஆட்டோமெற்றிக்குகள் பலவும் இதே வேலைக்குப் பல சில்லுகளைப் பாவித்தன. சீக்கோ ஒரு தகட்டையும் ஒரு பல்லுச்சில்லையும் வைத்து முடித்துவிட்டது. மலிவான ஆட்டோமெற்றிக்குக்கு வழி திறந்தது அங்கேதான்.

1963இல் ஸ்போர்ட்ஸ்மெற்றிக் 5 வந்தது. ஐந்து என்றால் ஐந்து வாக்குறுதி: தானே முறுக்கேறும், கிழமையும் திகதியும் ஒரே யன்னலில், தண்ணீர் தாங்கும், சாவி நான்கு மணிப் பக்கம் உள்ளடங்கி இருக்கும், கேஸும் சங்கிலியும் நின்று பிடிக்கும். உள்ளே எளிதில் உடையாத டயஃப்ளெக்ஸ் ஸ்பிரிங், விழுந்தாலும், இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பலன்ஸ் சில்லைக் காக்கும் டயஷொக். சாவியை நான்கு மணிக்குத் தள்ளியது வெறும் அழகுக்கு அல்ல. இதைத் தொட வேண்டியதில்லை என்று வாங்குகிறவருக்குக் காட்டியது அது. பின்னால் வந்த 7009, 7எஸ்26 இரண்டிலும் கையால் முறுக்கும் வழியே இல்லை. அதற்கான சில்லுகள் இல்லை. பாகம் குறைந்தது, விலை இறங்கியது.

அதே கம்பனிதான் 1969 டிசம்பர் 25இல் பட்டரியில் ஓடும் குவாட்ஸ் மணிக்கூடான அஸ்ரோனை 450,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. அப்போது அந்தக் காசுக்கு ஒரு சிறிய கார் வாங்கலாம். மாதத்துக்கு 5 செக்கன் பிசகு. அதன் பின்விளைவில் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் 1970இல் 90,000 அளவில் இருந்த ஆட்கள் 1980களின் நடுவில் 30,000 சொச்சமாகக் குறைந்தார்கள். இவ்வளவையும் தொடக்கி வைத்த சீக்கோ தன் மலிவு ஆட்டோமெற்றிக்கை மட்டும் நிறுத்தவில்லை. இந்த வணிக வரலாற்றில் எங்களுக்கு மிக முக்கியமான திருப்பம் இதுதான். ஐரோப்பாவும் அமெரிக்காவும் குவாட்ஸுக்கு மாறியபோது, பட்டரி மாற்றக் கடை தேட வேண்டிய ஊர்களுக்கு 5 போய்க்கொண்டே இருந்தது. 7009 அந்தச் சந்தைக்கான மெஷின்: அச்சுகளைத் தாங்கும் 17 கல், மணிக்கு 21,600 அடி, அதாவது செக்கனுக்கு ஆறு.

1985 செப்டெம்பரில், டொலரின் பெறுமதியை இறக்க நாடுகள் செய்த பிளாசா ஒப்பந்தம் வந்தது. டொலருக்கு 240 யென் அளவில் இருந்த மாற்று விலை அடுத்த ஆண்டே 150 அளவுக்குப் போனது. ஜப்பானில் செய்து மலிவாக ஏற்றுமதி செய்வது கடினமானது. பிந்திய 5களில் சிங்கப்பூர், மலேசியா என்று இருப்பது இந்தச் சூழலின் விளைவு. 7எஸ்26 முற்றிலும் வேறொரு மெஷின் அல்ல. 70 வரிசையின் உடல்வாகை அப்படியே தொடர்ந்தது, 21 கல்லோடு. 2019இல் 5 ஸ்போர்ட்ஸைப் புதுப்பித்தபோது கையாலும் முறுக்கக்கூடிய 4ஆர்36 மெஷினைப் போட்டார்கள். விலையும் வேறு தட்டுக்குப் போய்விட்டது.

திருகோணமலைக்கு வந்த வழி

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் கடையில் புது மணிக்கூடு வாங்குவது எல்லோருக்கும் ஆகிற காரியமல்ல. 1977இல் பொருளாதாரம் திறந்தது. அதே காலத்தில் வளைகுடாப் பயணமும் தொடங்கியது. கிண்ணியா, மூதூர், நகரம், உப்புவெளி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் சவுதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். வருகிறபோது பெட்டிக்குள் ரேடியோ கசற், துணி, தங்கம். கையில் சீக்கோ 5 அல்லது சிற்றிசன். மாப்பிள்ளைக்குப் போடுவதற்கென்றே ஒன்று கூடுதலாக வாங்கி வருவார்கள்.

கிழமைத் தட்டின் இரண்டாம் மொழி எந்தச் சந்தைக்கு அனுப்பியது என்பதைக் காட்டும். ஜப்பானுக்குள் விற்றதில் 'கஞ்சி' எனப்படும் ஜப்பானிய எழுத்து, வளைகுடாவுக்கு அரபு, வேறு சந்தைகளுக்கு ஸ்பானிய மொழி. இங்கே வரும் 1980களின் 5களில் அரபுத் தட்டைக் கண்டால், அது குடும்பத்தில் ஒருவர் வளைகுடாவில் உழைத்து வாங்கியதற்குச் சான்றாக நிற்கிறது. திருத்தும்போது அதை எடுத்துவிட்டு வேறு தட்டுப் போடுவதை நாங்கள் ஒருபோதும் ஒப்புவதில்லை.

பட்டரி தேவையில்லாத மணிக்கூட்டின் பெறுமதி போர்க்காலத்தில் வேறுவிதமாகத் தெரிந்தது. 1990இல் வடக்கின் மேல் வந்த பொருளாதாரத் தடையில் பட்டரியும் ஒன்று. குவாட்ஸ் மணிக்கூடுகள் லாச்சிக்குள் கிடக்க, ஆட்டோமெற்றிக் கையில் இருந்தது. நேரமும் ஒன்றாக இருக்கவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுத்தான் ஒரு காரியத்துக்கு நேரம் குறிக்க வேண்டியிருந்தது.

திறந்து பார்த்தது

மூடியைத் திறக்குமுன் பனிச் சோதனை. மணிக்கூட்டைக் கையில் பொறுக்கும் அளவு சூட்டில், சுமார் 40 பாகையில், பத்து நிமிடம் வைத்து, கண்ணாடியின் நடுவில் ஒரு துளி குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் துடைத்துவிட்டுப் பாருங்கள். துளி நின்ற இடத்தில் உட்பக்கம் மங்கல் வட்டம் தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இந்த மணிக்கூட்டில் வட்டம் தெளிவாக விழுந்தது.

மூடி திருகு மூடி. மூடி திறக்கும் கருவியின் பற்கள் வெட்டுகளில் முழுதாக இருந்தால்தான் வழுக்கிக் கீறாது. வெட்டுகளுக்குள் உறைந்த அழுக்கை முதலில் பல்குச்சியால் எடுங்கள். திறந்தபோது மூடி வாஷர் றப்பராக இருக்கவில்லை. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு இழுபட்டது. வாஷர் கிடந்த பள்ளத்தில் வெள்ளைப் பொடி. அது உப்பு. மூடியின் உட்பக்கத்தில் பிறை வடிவில் ஒரு மினுங்கல் கீறல்: ரோட்டர் உரசிய தடம்.

இரவில் நிற்கிற முறைப்பாட்டைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும். இந்த மெஷினைச் சாவியால் முறுக்க முடியாது. ஆனால் ஸ்பிரிங் பெட்டியின் மேலுள்ள ராச்செற் சில்லின் திருகாணியை மணிக்கூடு சுற்றும் பக்கமாகத் திருப்பி முறுக்கலாம். சுமார் எட்டுச் சுற்று முறுக்கி, டயல் மேலே பார்க்க அசையாமல் வைத்துவிடுங்கள். 40 மணித்தியாலத்தை ஒட்டி ஓடினால் ஸ்பிரிங்கும் சில்லுத் தொடரும் வேலை செய்கின்றன; பிழை முறுக்கேற்றும் பகுதியில். சில மணித்தியாலத்தில் நின்றால் ஸ்பிரிங்கோ எண்ணெயோ போய்விட்டது. இது ஒன்றரை நாளுக்கு மேல் ஓடியது. பிழை மாஜிக் லீவர் பக்கம்.

நகங்கள் இரண்டும் கவ்வும் பல்லுச்சில்லில் பழைய எண்ணெய் உறைந்து பற்களின் அடியை நிரப்பியிருந்தது. நகம் ஆழமாக இறங்காமல் மேலால் வழுக்குகிறது. ரோட்டரின் குண்டுத் தாங்கியும் உப்பேறி இறுகி, எடை சரிந்து மூடியில் தட்டுகிறது. பகலில் கை ஆடுவதால் அன்றைய ஓட்டத்துக்குப் போதுமான முறுக்கு ஏறுகிறது, இரவுக்கு மிச்சம் இல்லை.

கழற்றும் ஒழுங்கு முக்கியம். ரோட்டரை எடுத்தபின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்காமல், சில்லுகளைப் பிடித்திருக்கும் பாலம் எனப்படும் தகடு ஒன்றையும் தொடக்கூடாது. இந்த வரிசையில் முறுக்கைத் தாங்குவது மாஜிக் லீவரின் நகம்தான். திருகாணியில் திருப்புளியை இறுக்கி வைத்துக்கொண்டு, நகத்தைக் குச்சியால் விலக்கி, திருப்புளியை விரலுக்குள் மெல்ல மெல்லத் திரும்ப விடுங்கள். பட்டென்று விட்டால் பற்கள் உடையும்.

சாவித் தண்டை எடுக்க, தண்டைப் பிடித்திருக்கும் செற்றிங் லீவரில் தெரியும் சின்னக் குழியை மெல்ல அமத்திக்கொண்டு சாவியை நேரே இழுக்க வேண்டும். இங்கே தண்டு துருப்பிடித்திருந்தது. அந்தத் துரு பொடியாகி உள்ளே போவதுதான் பல 5களைக் கொல்வது. திகதிச் சில்லுகளுக்குள் அரம் போல் வேலை செய்யும். துருவைச் சுரண்டித் திரும்பப் போடாமல் புதுத் தண்டு போட்டோம்.

கிழமை மாறாததற்குக் காரணம் டயலின் அடியில். முட்களை எடுத்து, டயலை எடுத்தால், கிழமைத் தட்டை ஒரு சின்ன வெட்டு வளையம் பிடித்திருக்கும். மேலே ஒரு விரலை வைத்துக்கொண்டு விலக்காவிட்டால் அது பறந்துவிடும். தட்டுக்கு அடியில் கிழமையைத் தள்ளும் பிளாஸ்டிக் விரல் முறிந்து கிடந்தது. இரவு 9 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் இடையில் அந்த விரல் தட்டின் பல்லுக்குள் நுழைந்து நிற்கும். அந்த நேரத்தில் சாவியை ஒரு படி இழுத்துக் கிழமையையோ திகதியையோ வேகமாக மாற்றினால், பல் ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் இழுத்து பிளாஸ்டிக் முறியும். நின்றுபோன மணிக்கூட்டை எடுத்து, முள் பத்து மணியில் நிற்கிறதா என்று பாராமல் திகதி வைப்பவர்கள் எல்லோரும் செய்வது இது. முதலில் முட்களை ஆறு மணிக்குக் கொண்டு வந்து, பிறகு திகதி, பிறகு நேரம். பழைய 6119 சாவியை உள்ளே அமத்தி மாற்றும் வகை; அதற்கும் இதே நேரக் கட்டுப்பாடுதான்.

கழுவல்

இங்கே பல திருத்தங்கள் கெட்டுப் போவது கழுவலில். மெஷினை முழுதாகப் பெற்றோலுக்குள் முக்கி எடுத்து, ஊதி, தையல் மெஷின் எண்ணெய் விட்டுக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. பெற்றோல் எண்ணெயைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு அப்படியே இருந்து ஈரத்தை இழுத்து, சில மாதத்தில் அதே இடத்தில் துருப்பிடிக்கும். கடலோர ஊரில் கேஸையும் மூடியையும், மெஷின் வெளியே எடுத்தபின், இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் சில துளி சவர்க்கார நீரிலும் மென்மையான தூரிகையால் கழுவ வேண்டும். வாஷர் பள்ளத்தைக் கூர்க்குச்சியால் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீர், பிறகு அல்ககோல், பிறகு முழுக்கக் காய விடுதல். மெஷின் பாகங்களைப் பிரித்துத் தனித்தனியே கழுவினோம். கிழமைத் தட்டும் திகதி வளையமும் அச்சடித்தவை. அவற்றில் எந்தத் திரவமும் படக்கூடாது, காய்ந்த தூரிகை மட்டும்.

பலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹெயர்ஸ்பிரிங்கில் எண்ணெய்ப் படலம் இருந்தால் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு மணிக்கூடு நாளுக்குப் பல நிமிடம் ஓடி முந்தும். கைபேசி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் காந்தம் ஏறினாலும் அதே குணம். எதுவென்று தெரியாமல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் றெகுலேற்றரைத் திருப்பக்கூடாது. முதலில் காந்தம் இறக்கிப் பாருங்கள்.

எண்ணெய் மூன்று வகை போதும். வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு மோபியஸ் 9010. ஸ்பிரிங் பெட்டியின் அச்சு போன்ற பாரமான இடங்களுக்குத் தடித்தது. சில்லுத் தொடரை அடி அடியாக விடும் பலட் கற்களின் முகத்துக்கு 9415. கல்லின் குழியில் பாதி நிரம்பினால் போதும். மாஜிக் லீவரின் நகத்தில் எண்ணெயை வழிய விட்டால் தூசி சேர்ந்து பழையபடி வழுக்கும். ஸ்பிரிங் பெட்டிக்குள் வேறு கதை: ஆட்டோமெற்றிக் ஸ்பிரிங்கின் வெளி நுனி முழு முறுக்கில் சுவரில் வழுக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கென்ற கிறீஸ் இல்லாமல் வெறும் எண்ணெய் விட்டால் முன்கூட்டியே வழுக்கி, முழு முறுக்கு ஏறாது.

பூட்டும்போது நகங்கள் சில்லை இரண்டு பக்கமும் அணைத்து நிற்க வேண்டும். ரோட்டரைப் போட்டபின் விரலால் மெல்ல ஒரு பக்கம் சுழற்றுங்கள். ராச்செற் திருகாணி திரும்புவது தெரியும். மறுபக்கம் சுழற்றுங்கள்; அதே திசையிலேயே திரும்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் அசைந்தால் ஒரு நகம் பிடிக்கவில்லை. இதைப் பார்க்காமல் மூடிவிட்டால் மணிக்கூடு அடுத்த கிழமை திரும்பி வரும்.

முட்களைப் போடுவது திகதி மாறும் கணத்தில். சாவியைத் திருப்பித் திகதி விழும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முட்களையும் சரியாகப் பன்னிரண்டில் அமத்துங்கள்.

பலன்ஸின் மேல் இரண்டு சின்னக் கைகள் உண்டு. ஒன்று வேகத்துக்கு. மற்றது ஹெயர்ஸ்பிரிங்கின் நுனியைப் பிடித்திருப்பது. அதைத் தவறுதலாக அசைத்தால் டிக் ஒரு பக்கமும் டக் ஒரு பக்கமுமாக அடி கோணும். அடியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் ரைம்கிராபரில் தூக்கற் கோணத்தை (கருவிக்குக் கொடுக்க வேண்டிய மெஷின் அளவு) 53 பாகை என்று வைத்து அளந்தபோது, டயல் மேலே பார்க்க, திருத்துமுன் பலன்ஸின் அலைவு 170 பாகை. திருத்தியபின் 240, நாளுக்கு 8 செக்கன் முந்தல். புது 7எஸ்26க்கே சீக்கோ சொன்ன எல்லை நாளுக்கு 20 செக்கன் பிந்தலிலிருந்து 40 செக்கன் முந்தல்வரை. இந்த வயதில் இதற்கு மேல் துரத்தத் தேவையில்லை.

டயல் விஷயம்

5 உலகம் முழுக்க ஏராளமாக விற்றதால் பழைய மெஷினும் கேஸும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்த்து, டயலை மீள அச்சடித்து, செம்மஞ்சள், பச்சை என்று பளிச்சென்ற நிறத்தில் 'பழையது, பாவிக்காதது' என்று இணையத்தில் விற்கிறார்கள். மும்பையிலிருந்து வருபவை அதிகம். டயலின் அடி விளிம்பில் ஆறு மணிக்குக் கீழே பெருக்குக் கண்ணாடியால் மட்டும் தெரியும் எழுத்து இருக்க வேண்டும்: நாட்டின் பெயர், மெஷின் இலக்கம், டயல் இலக்கம். அது இல்லாவிட்டாலோ, மெஷின் இலக்கம் முதுகோடு ஒத்துப் போகாவிட்டாலோ நிறுத்துங்கள். ரோட்டரிலும் மெஷினின் இலக்கம் உண்டு. 7009 மூடிக்குள் 7எஸ்26 ஓடுவது அடிக்கடி காணும் கலப்பு. ஓடும், ஆனால் அது 1984இன் மணிக்கூடு அல்ல. ஐந்தின் சின்னம் ஒட்டிய உலோகமாக இருந்த மாதிரியில் அச்சு எழுத்தாக இருப்பது, மணிக் குறிகளின் 'றேடியம்' புதுவெள்ளையாகவும் முட்களில் மட்டும் பழுப்பாகவும் இருப்பது, இரண்டும் மீள அச்சடித்ததன் அடையாளம்.

எங்கள் மணிக்கூட்டின் டயலில் மூன்று மணி ஓரத்தில் ஈரக் கறை ஒன்று இருக்கிறது. அதைத் தொடவில்லை. உடைமையாளர் புது டயல் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னோம். கறையோடு நிற்கிற தொழிற்சாலை டயல் இன்னொன்று கிடைக்காது. அச்சடித்த டயல் நாளைக்கும் கிடைக்கும். கண்ணாடி ஹார்ட்லெக்ஸ், அதாவது சீக்கோவின் கடினப்படுத்திய கண்ணாடி. பிளாஸ்டிக் கண்ணாடிக்கு விற்கும் மினுக்கும் பசையால் அதன் கீறல் போகாது. கீறல் ஆழமென்றால் கண்ணாடியை மாற்றுவதுதான் வழி. இங்கே கீறல் மேலோட்டம், விட்டுவிட்டோம்.

மாற்றியவை: சாவித் தண்டு, சாவி வாஷர், மூடி வாஷர், கிழமை விரல். மூடி வாஷரைப் பள்ளத்தின் விட்டமும் தடிப்பும் அளந்து எடுக்க வேண்டும். சின்னதை இழுத்துப் போட்டால் சில நாளில் சுருங்கி வெளியே வரும். சிலிக்கன் கிறீஸ் விரலில் தடவிய அளவுக்கு. பசையோ நூலோ வைத்து அடைப்பது அடுத்து திறப்பவருக்குச் செய்யும் கொடுமை.

ஒவ்வோர் இரண்டாம் ஆண்டும், மாரிக்கு முன் ஒக்டோபரில், மூடி வாஷரை மட்டும் பார்த்துக்கொண்டால் உப்பு மெஷினை எட்டாது. வியர்வையோடு கழற்றினால் ஈரத் துணியால் முதுகையும் சாவிப் பள்ளத்தையும் துடைக்க வேண்டும். வார்க்கட்டையின் துளைகளையும் சேர்த்து, ஏனென்றால் வாரைக் கேஸோடு பிடிக்கும் ஸ்பிரிங் பார் துருப்பிடித்து உடைந்து மணிக்கூடு தண்ணீருக்குள் போவது அங்கிருந்துதான். கைகழுவத் தாங்கும். நிலாவெளியில் கடல் குளிக்கவும் புறாத்தீவில் மூழ்கவும் இது கூடாது. மூடியில் என்ன எழுதியிருந்தாலும் அது 1984இன் புது மணிக்கூட்டுக்கு எழுதியது.